தலை கொடுத்தவர்கள்: மூளைத் தூண்டல் பயிற்சியும் ‘ஆரோக்கியமான தன்னார்வலர்’ என்கிற உடலும்

1

சாரத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த தம்பி ஒருவன் வெளியூரில் மருத்துவம் சார்ந்த படிப்பு ஒன்று படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது டீக்கடையில் வைத்து ஏதோ வேடிக்கை சொல்வது மாதிரி சொன்னான். “அண்ணே, எங்க காலேஜ்ல என் தலைமேல காந்தம் வச்சுப் பழகினாங்க. நான் சும்மா உட்கார்ந்திருக்கேன், கட்டைவிரல் தானா துள்ளுது.”

இரண்டு நாள் பயிற்சி முகாம். வெளியிலிருந்து வந்த மருத்துவர்களும் ஆய்வு மாணவர்களுமாகப் பத்துப் பேர் கருவியைக் கையில் பிடித்துப் பழக வேண்டும். பழக ஒரு தலை வேண்டும். அந்தத் தலை இவனுடையது. முதல் நாள் படிவம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வலிப்பு வந்ததுண்டா, தலையில் உலோகம் ஏதும் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நேற்று இரவு நன்றாகத் தூங்கினீர்களா. தேர்வுக்குப் படித்துக்கொண்டு இவன் முதல் நாள் ராத்திரி பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. ‘தூங்கினேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை, சாயங்காலம் வரை தலைவலி இருந்தது, அவ்வளவுதான்.

“முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா?”

“சார் கேக்குறாருண்ணே. அதுவும் லிஸ்ட்ல பேர் எழுதிட்டுத்தான் கேட்டாங்க.”

பேரை எழுதிவிட்டுக் கேட்பது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். நான் தமிழ் படித்தவன், மருத்துவன் இல்லை. ஆனால் ‘தன்னார்வலர்’ என்கிற சொல் எப்படிக் கட்டப்பட்டது, அதற்குள் யார் யாருடைய உடல்கள் அடங்கியிருக்கின்றன என்று கேட்பதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

2

முதலில் கருவியைப் பற்றி. டி.எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். மண்டையோட்டைத் திறக்காமல், தோலைக் கீறாமல், காந்தப்புலத்தால் மூளையின் மேற்பரப்பைத் தூண்டுவது. எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் வளைத்த செம்புக் கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குப் பலத்த மின்சாரத்தைச் செலுத்துவார்கள். பிறக்கும் காந்தப்புலம் எலும்பைத் தடையில்லாமல் கடந்துபோய் உள்ளே சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். பாரடே 1831-இல் கண்டுபிடித்த அதே தூண்டல் விதி. கையை இயக்கும் பகுதிக்கு நேர்மேலே சுருள் இருந்தால் எதிர்ப்பக்கக் கையின் விரல் துள்ளும். 1985-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆன்டனி பார்க்கரும் அவரது சகாக்களும் இதைச் செய்து காட்டினார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1980-இல், மெர்ட்டனும் மார்ட்டனும் மண்டையோட்டின் மேலிருந்தே நேரடி மின்சாரத்தால் மூளையைத் தூண்டிவிட்டிருந்தார்கள். அது வலிக்கும். காந்தம் அந்த வலியைப் பெரும்பாலும் நீக்கியது. 2008-இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கான சிகிச்சையாக இது அனுமதி பெற்றது. பெங்களூர் நிமான்ஸ் போன்ற இடங்களில் இன்று சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுகிறது.

இதைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஒவ்வொரு தலையும் வேறு. விரல் துள்ளுகிற இடத்தைச் சுருளை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தித் தேடிப் பிடிக்க வேண்டும். பிறகு ‘இயக்க வாசல்’ என்று சொல்லத்தக்க அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்துத் தடவை தூண்டினால் குறைந்தது ஐந்து தடவையாவது தளர்ந்த தசையில் 50 மைக்ரோவோல்ட் அளவுக்குப் பதில் வருகிற மிகக் குறைந்த விசை எதுவோ அது. சிகிச்சையின் விசை இந்த அளவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அளவு தப்பினால் மருந்து தப்பின மாதிரி. அரிதாக வலிப்பு வரும் ஆபத்தும் உண்டு. தூக்கமின்மை, சில மருந்துகள், முன்பு வலிப்பு வந்த வரலாறு ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டலாம் என்பதால்தான் அந்தக் கேள்விகள். 1998, 2009, 2021 என்று பாதுகாப்பு நெறிகள் மூன்று முறை எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே, கை பழகித்தான் ஆக வேண்டும். யாருடைய தலையில் பழகுவது? நோயாளியின் தலையில் கத்துக்குட்டி பழகுவதைவிட, விவரம் தெரிந்து சம்மதித்த ஆரோக்கியமான ஒருவரின் தலையில் பழகுவது நியாயம். இதை நான் மறுக்கவில்லை. மருத்துவம் முழுவதையுமே அதிகாரத்தின் சதி என்று ஒரே வரியில் தள்ளிவிடும் நம் தோழர்கள் சிலரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்த நியாயம் ஏற்கப்படுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று என்பதையும், அதுவரை யாருடைய தலைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன என்பதையும் பார்த்தாக வேண்டும்.

3

1801-இல் இத்தாலியின் பொலோன்யாவில் ஜியோவான்னி ஆல்டினி என்பவர் முதலில் தன் தலையிலேயே மின்சாரம் செலுத்திப் பார்த்தார். சில நாள் தூக்கம் போயிற்று. பிறகு மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் இருந்த லூயிஜி லன்சரினி என்ற உழவரின் தலையில் செலுத்தினார். 1803 ஜனவரியில் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபாஸ்டரின் பிணத்தில் செலுத்தினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கூடியிருந்தவர்கள் மிரண்டார்கள். கொலைக்குற்றவாளியின் உடல் புதைக்கப்படாமல் மருத்துவர்களிடம் போக வேண்டும் என்று இங்கிலாந்தில் அன்று சட்டமே இருந்தது. அறிவுக்குக் கொடுக்கப்பட்ட உடல், தண்டனையின் ஒரு பகுதி.

1870-இல் பெர்லினில் ஃப்ரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயின் மூளையில் எந்த இடத்தைத் தொட்டால் எந்தக் கால் அசைகிறது என்று கண்டார்கள். அடுத்த கேள்வி தானாக வந்தது: மனிதருக்கும் அப்படித்தானா? 1874-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ராபர்ட்ஸ் பார்த்தலோ அதற்கு விடை தேடினார். அவருக்குக் கிடைத்தது மேரி ராஃபர்ட்டி. 30 வயது, ஐரிஷ்காரி, வீட்டு வேலைக்காரி. தலையில் புற்று அரித்து மண்டையோடு திறந்து மூளை வெளியே தெரிந்தது. பார்த்தலோ ஊசி மின்முனைகளை மூளைக்குள் செருகினார். எதிர்ப்பக்கக் கை நீண்டது, விரல்கள் விரிந்தன. மின்சாரத்தைக் கூட்டினார். அவள் அழுதாள், வலிப்பு வந்தது, நினைவிழந்தாள். சில நாளில் இறந்துபோனாள். கண்டனம் எழுந்தது. அவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு விளக்கம் எழுதி வருத்தம் தெரிவித்தார்.

அந்த அறிக்கையில் இரண்டு செய்திகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, அவள் மந்தபுத்தி உள்ளவள் என்பது. மற்றது, அவள் சம்மதித்தாள் என்பது. வலி முகத்தில் தெரிந்தபோதும் அவள் சிரித்தாள் என்றும் எழுதியிருக்கிறார். யோசிக்கத் தெரியாதவள் என்று சொல்லிவிட்டு அவள் யோசித்துச் சம்மதித்தாள் என்கிற இந்தப் பிரதி தன்னைத்தானே குலைத்துக்கொள்கிறது. எஜமானுக்கு முன்னால் வேலைக்காரி சிரிக்கிற சிரிப்பை நாம் அறியாதவர்கள் இல்லை. பண்ணையார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று ‘சரிங்க’ என்று சொன்ன நம் பாட்டன்மாரின் சிரிப்பும் அதுதான். அதைச் சம்மதம் என்று எழுதி வைத்தது யாருடைய பேனா?

1938-இல் ரோம். ஊகோ செர்லெட்டியும் லூச்சோ பினியும் மின்னதிர்ச்சி சிகிச்சையை முதல் தடவை மனிதருக்குக் கொடுத்தார்கள். அதற்குமுன் கசாப்புக்கூடத்துப் பன்றிகளின்மீது பார்த்திருந்தார்கள். முதல் மனிதர் ரயில் நிலையத்தில் டிக்கெட் இல்லாமல் திரிந்துகொண்டிருந்ததாகப் போலீஸ் பிடித்து அனுப்பிய ஆள். உறவென்று கேட்க ஒருவரும் இல்லை. முதல் அதிர்ச்சி போதவில்லை என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் தெளிவாக, இன்னொன்று வேண்டாம் என்கிற பொருளில் பேசினார். அதுவரை அவர் பேச்சு உளறல் என்று குறிப்பில் இருந்தது. தெளிவாகப் பேசியது மறுப்பைத்தான். அதன் பிறகும் கொடுத்தார்கள்.

4

இதற்குப் பக்கத்திலேயே வேறொரு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. 1896-இல் பாரிசில் தார்சோன்வால் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைக்கச் செய்து மாறுமின்னோட்டம் செலுத்தினார். கண்முன் ஒளி மின்னியது, தலை சுற்றியது. 1910-இல் லண்டனில் சில்வானஸ் தாம்சன் சுருளுக்குள் தலையை நுழைத்தபோதும் ஒளி துடித்தது. இன்றைய டி.எம்.எஸ்.ஸின் மூதாதைகள் இவைதாம். இங்கே தலை கொடுத்தவர்கள் விஞ்ஞானிகளும் அவர்களோடு புழங்கியவர்களும். போதும் என்றால் எழுந்துகொள்ளலாம். ஆபத்தில்லாத, கட்டுரையில் பெயர் வருகிற சோதனை கனவான்களுக்கு. உள்ளே ஊசி போகிற சோதனை வேலைக்காரிக்கும் நாடோடிக்கும். ஆல்டினி இரண்டையும் செய்தவர்தான். ஆனால் தன் தலையில் செலுத்தியபோது நிறுத்தும் கை அவருடையது, லன்சரினியின் தலையில் செலுத்தியபோதும் நிறுத்தும் கை அவருடையதே.

பாரிசில் தார்சோன்வால் சுருள் செய்த வருஷத்தில் நம் புதுச்சேரியை ஆண்டதும் பாரிஸ்தான். 1823-இலேயே பிரெஞ்சு அரசு இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. 1956-இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் என்று பெயர் பெற்றது. இன்றும் கோரிமேடு போகிற பஸ்ஸில் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிற ஜனங்களைப் பார்க்கலாம். மடியில் சீட்டு, கையில் தூக்கு. இலவச மருத்துவமனையின் வரலாற்றை ஃபூக்கோ 1963-இல் வெளியான தன் ‘மருத்துவகத்தின் பிறப்பு’ நூலில் ஆராய்ந்தார். பணக்காரன் கொடையால் ஏழைக்கு வைத்தியம் கிடைக்கிறது. பதிலுக்கு ஏழையின் உடல் பார்க்கப்படுகிறது, அதன்மீது படிக்கப்படுகிறது. அந்தப் படிப்பு கடைசியில் பணக்காரனின் நோய்க்கும் உதவுகிறது. ஏழை கொடுக்கிற கட்டணம் அவன் உடல்மேல் விழுகிற பார்வை. கட்டிலைச் சுற்றிப் பத்து மாணவர்கள் நின்று ஒரே வயிற்றைப் பத்துத் தடவை அழுத்திப் பார்க்கிற பொது வார்டில் படுத்திருந்தவர்களுக்கு இது புதுத் தத்துவம் இல்லை.

5

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1794-இல் சென்னையில் தொடங்கிய மனநல விடுதி 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆகிப்போனது. ‘ஷாக்’ என்ற சொல்லை நம் ஜனங்கள் சினிமா பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நாலுபேர் அமுக்கிப் பிடிக்க, வாயில் துணி திணித்து, நாயகன் துடிக்கிற காட்சி. மிகை என்று மருத்துவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாத நேரடி மின்னதிர்ச்சி இந்தியாவில் 21-ஆம் நூற்றாண்டிலும் நடந்தது என்பது, ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-இல் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்த பிறகு உச்சநீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் பேசப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அதைத் தெளிவாகத் தடை செய்தது. சிறார்களுக்கு மின்னதிர்ச்சி கூடாது, காப்பாளர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் இருந்தாலொழிய. மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் சம்மதமும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும்.

இந்தக் கடைசி விதி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கியவர் பி. ராமமூர்த்தி. இந்திய நரம்பறுவையின் முன்னோடி. 1960களிலிருந்து அவரும் வி. பாலசுப்பிரமணியம் முதலானவர்களும் கட்டுக்கடங்காதவர்கள், மூர்க்கமானவர்கள், ஓயாமல் அலைகிறவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்களின் மூளைக்குள் ஆழமாக ஊசி செலுத்தி, அமிக்டலா என்கிற சிறு பகுதியை அழிக்கும் அறுவைகளைச் செய்தார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். ஹைப்போதலாமஸில் செய்யும் இவ்வகை அறுவையில், ஜப்பானின் சானோ காட்டிய வழியில், அழிப்பதற்கு முன்பு சிறு மின்சாரம் செலுத்தி இடம் சரிதானா என்று சோதிப்பது முறை. இந்த வகை அறுவைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அமைதிப்படுத்தும் நரம்பறுவை’. நோயாளியை அமைதியாக, சமாளிக்கத்தக்கவராக ஆக்குவது என்று அவர்களே விளக்கமும் எழுதினார்கள். 1988-இல் ராமமூர்த்தி தொகுத்து எழுதியபோது, 400-க்கும் மேற்பட்ட அமிக்டலா அறுவைகளின் கணக்கு அதில் இருந்தது.

சமாளிப்பது யார்? இந்த விளக்கத்தில் நோயாளி நன்றாக உணர்வது என்பது இல்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொல்லை இல்லாமல் இருப்பதே குணம். அந்த மருத்துவர்களைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது என் நோக்கம் அல்ல. அன்றைக்கு வேறு மருந்தோ வழியோ இல்லாமல் குழந்தையைக் கட்டிப்போட்டு வைத்திருந்த பெற்றோரின் கண்ணீரை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதே குழுவில் பணியாற்றிய டி.எஸ். கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பறுவை மருத்துவர்களில் ஒருவர். 1970களிலேயே மூளைக்குள் மின்முனை பதிக்கும் சிகிச்சையில் இறங்கியவர். 100 தடவைக்கு மேல் ரத்ததானம் செய்தவர், 2018-இல் காலமானார். நல்லவர்களா கெட்டவர்களா என்பதல்ல கேள்வி. நல்லவர்கள் செய்தபோதும், அமைதியாக்கப்பட வேண்டிய உடல் எது என்று முடிவு செய்தது அந்த உடல் அல்ல என்பதுதான் கேள்வி. அரசு மருத்துவமனைக்கு வருகிற உடல்களின் சாதியும் வர்க்கமும் எவை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

6

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் ‘ஆரோக்கியமான தன்னார்வலர்’ என்பது பெரிய வரலாற்று வெற்றி. தாம்சன் தனக்கு வைத்துக்கொண்டிருந்த ‘போதும்’ என்கிற உரிமை எல்லோருக்கும் ஆயிற்று. 1947-இல் நூரம்பெர்க் நெறியின் முதல் வாசகமே தானாக முன்வந்து தரும் சம்மதம் பற்றியது. நாஜி முகாம்களின் பிணங்களிலிருந்து அது எழுதப்பட்டது. 1964-இல் ஹெல்சிங்கி பிரகடனம். இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை, மாணவர்களையும் ஊழியர்களையும் மேலிருப்பவருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பட்டியலில் சேர்க்கிறது.

ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது பாருங்கள். இந்த நெறிகள் ஆராய்ச்சிக்கு. சிகிச்சை என்றால் நோயாளியின் சம்மதப் படிவம் உண்டு. பயிற்சி என்பது இரண்டும் இல்லை. நோயாளியும் இல்லை, ஆய்வுக்கு உட்படுகிறவரும் இல்லை, ‘நம்ம பையன் உட்காரட்டும்’. அதனால் நெறிமுறைக் குழுவின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகிறது. 2021-இல் சர்வதேச நரம்புடலியங்கியல் கூட்டமைப்பின் குழு, யார் யாருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று விரிவான பரிந்துரை வெளியிட்டது. பயிற்சி பெறும் கைகளைப் பற்றிய பேச்சு ஆரம்பித்திருக்கிறது. பயிற்சிக்குக் கிடைக்கும் தலையைப் பற்றிய பேச்சை நம் ஊரில் நாம்தான் ஆரம்பிக்க வேண்டும்.

தம்பி சொன்னதைக் கேட்ட பிறகு நானும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன். வேறு ஊர், நண்பர் ஒருவரின் அறிமுகம். காதில் பஞ்சு மாதிரி அடைப்பான் வைத்தார்கள். கையில் மின்முனை ஒட்டினார்கள். சொல்லிக்கொடுக்கும் அம்மா முதலில் சுருளைத் தன் முன்கையில் வைத்துக் காட்டினார். பிறகு, “எப்ப வேணும்னாலும் கையத் தூக்குங்க சார், ஏன்னு கேக்க மாட்டோம்” என்றார். ‘டக்’ என்று ஒரு சத்தம், மண்டையில் சுண்டினது மாதிரி ஒரு தட்டு, என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் உள்ளே மடங்கியது. சுயம் சிதைந்தது என்றெல்லாம் எழுதிப் பழகிய எனக்கு அந்த விரலைப் பார்க்க நிஜமாகவே பயமாக இருந்தது. பழகுகிறவரின் கை நடுங்கியது, சுருள் வழுக்கிப் போனது, இடம் கிடைக்கவில்லை. இருபது, முப்பது தட்டுக்குப் பிறகு கையைத் தூக்கினேன். நிறுத்தினார்கள். டீ கொடுத்தார்கள். வந்துவிட்டேன்.

அதே கருவி, அதே தட்டு. எனக்கு முப்பது சொச்சம் வயது, அந்த இடத்தில் யாரும் எனக்கு மார்க் போடப் போவதில்லை, அறிமுகத்தோடு போனவன். என் கை சுலபமாக எழுந்தது. தம்பியின் கை எழவில்லை. இயக்க வாசலை அளக்கும் கருவி இருக்கிறது. ஆசிரியருக்கு முன்னால் ஒரு மாணவன் ‘போதும் சார்’ என்று சொல்ல எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கும் கருவி இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு அந்த வாசல் இன்னும் உயரம். கட்டைவிரலைக் குருதட்சிணையாகக் கேட்ட கதை நம்மிடம் இருக்கிறது. ஏகலைவனும் மனமுவந்துதான் கொடுத்தான் என்று கதை சொல்கிறது. கதையை எழுதியவன் ஏகலைவன் இல்லை.

இதில் அறிவியலுக்கும் நஷ்டம்தான். தூங்கினேன் என்று பொய் எழுதிய தலையில் எடுத்த அளவு பொய்யான அளவு. அதை வைத்துப் பழகிய கை தப்பாகப் பழகிய கை. நாளை அந்தக் கை மனச்சோர்வில் வந்த ஒரு பெண்ணின் தலையில் சுருளை வைக்கும். பயந்தவனிடமிருந்து உண்மை வராது. மறுக்க முடியாதவன் தரும் தகவலை நம்பி ஒரு மருத்துவத்தைக் கட்ட முடியாது.

7

ஆகவே சம்மதத்தின் வரலாறு என்று நாம் எழுத வேண்டியது ‘சரி’ என்று சொன்னவர்களின் பட்டியல் அல்ல. மேரி ராஃபர்ட்டியின் பெயருக்குப் பக்கத்திலும் ‘சரி’ இருக்கிறது. ரோம் ரயில் நிலையத்து மனிதரின் ‘வேண்டாம்’ கேட்கப்படாமல் போனது. தூண்டல் பயிற்சி நடக்கட்டும், நம் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் சொந்த ஆசிரியர் தன் மாணவரைக் கேட்கக் கூடாது, கேட்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் இதன் பக்கமே வரக் கூடாது. பயிற்சியும் நெறிமுறைக் குழுவின் முன் வர வேண்டும். படிவம் அவரவர் தாய்மொழியில் இருக்க வேண்டும். எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு வைக்க வேண்டும். வருஷக்கணக்காக ஒருவர்கூட எழுந்து போகாத முகாம் என்றால் அங்கே ஏதோ தப்பு நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அடுத்த வருஷம் நான் சீனியருண்ணே, ஜூனியர் பசங்களை லிஸ்ட் போட்டுக் கூட்டிட்டு வர வேண்டியது நான்தான்” என்றான். சரி, நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். டீ ஆறுகிறது என்றான்.